உதட்டில் ஐஸ் குச்சி

ஷேர் ஆட்டோ தொழிலுக்கு வண்டி பாதி, தொண்டை பாதி. காலை ஏழு மணிக்கு ஆவடி பேருந்து நிலையத்துக்கு வெளியே நின்று பார்த்தால் தெரியும். "பூந்தமல்லி பூந்தமல்லி பூந்தமல்லி, குமணன்சாவடி, ஏறு ஏறு ஏறு" என்று ஆளுக்கொரு சுருதியில் கூவுவார்கள். கேட்கக் கேட்க, நாம் போக வேண்டிய ஊர் அது இல்லாவிட்டாலும் ஏறிவிடலாமா என்று தோன்றும். அந்த வரிசையில் ஒரே ஒரு வண்டி மட்டும் சத்தம் போடாமல் நிற்கும். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, நேரே பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மூடிய உதடுகளுக்கு நடுவில் ஒரு ஐஸ் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு மேல் அவர் வண்டியில் போயிருக்கிறேன், ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. எங்களோடு தினமும் வரும் பூக்கார அக்கா அவரை "அண்ணாத்தே" என்று கூப்பிடுவார். நான் தேனிப் பக்கத்து வழக்கப்படி "அண்ணே" என்பேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவார்.

முதல் நாள் அந்த வண்டியில் ஏறியதற்குக் காரணம் அதன் அமைதிதான். அப்போது நான் ஆவடிக்கு வந்து மூன்று மாதம். குமணன்சாவடியில் எட்டு பத்துக்கு எங்கள் கம்பெனி பஸ் வரும். அதைப் பிடித்து போரூர்ப் பக்கம் போய், பிறர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. படுத்தால் அன்றைக்கு நடந்த எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பேன், தூக்கம் வராது. காலையில் தலை கனக்கும், கண் எரியும். அந்த நிலையில் யாராவது காதருகே "ஏறு ஏறு" என்றால் எனக்குக் கொலைவெறி வரும். அதனால்தான் கூவாத வண்டியாகப் பார்த்து ஏறினேன்.

அவர் கூவமாட்டார் என்றேனே தவிர, அவர் வண்டிக்காகக் கூவல் இல்லை என்று சொல்லவில்லை. அவருக்காக பூக்கார அக்கா கூவுவார். குமணன்சாவடியில் ஒரு கோயில் வாசலில் அக்காவுக்குக் கடை. பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, முன்வரிசை ஓரத்தில் குந்தி, தலையை வெளியே நீட்டி, "பூந்தமல்லீ, குமணன்சாவடீ, சீட்டு கீது, வா வா" என்று ஒரு குரல் கொடுப்பார். பக்கத்து வண்டிக்காரர்கள் வாயடைத்துப் போவார்கள். சீக்கிரம் ஆள் சேர்ந்தால்தானே அவர் கடை சீக்கிரம் திறக்கும்.

"இன்னாக்கா, வண்டி ஒன்னோடதா?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டார்.

"அவரு வாய தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. ஒனக்கு இன்னா வந்துச்சு? குந்து, குந்து."

ஒரு நாள் அக்கா வரவில்லை. வீட்டில் ஏதோ விசேஷம். வண்டியில் நானும், காதில் இயர்போனை மாட்டிக்கொண்ட இரண்டு கல்லூரிப் பையன்களும்தான் இருந்தோம். மற்ற வண்டிகள் நிறைந்து நிறைந்து கிளம்பின. எனக்கு பஸ் போய்விடும் என்ற பயம். வெட்கத்தை விட்டுத் தலையை நீட்டி, "குமணன்சாவடி போறவங்க இருந்தா தயவுசெஞ்சு வாங்க" என்றேன். வங்கியில் டோக்கன் எண் படிப்பதுபோல் இருந்ததாக அந்தப் பையன்களில் ஒருவன் சொன்னான். முன்னால் அவர் தோள்கள் குலுங்கின. குச்சி மடியில் விழுந்தது. சிரிப்பை மூக்கு வழியாகவே வெளியேற்ற முயன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, விழுந்த குச்சியில் சின்னதாக ஒரு கோடு போட்டு, துடைத்து, மறுபடியும் உதட்டில் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டபோதுதான் முதல்முறையாக அவர் என்னிடம் நான்கு வாக்கியம் சேர்த்துப் பேசினார். வண்டி நிற்கும்போது மட்டும்தான் பேசுவார். குச்சியை எடுத்து ஒரு சுத்தமான கைக்குட்டையில் வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"வாய் தொறந்தா குச்சி வுழுந்துடும்மா. எத்தினி தபா வுழுந்துச்சோ அத்தினி கோடு. சாயங்காலம் எம் பொண்ணு வாங்கிப் பாத்துட்டு டப்பால போட்டு வைக்கும்."

"எதுக்குண்ணே இது?"

"தூங்கறதுக்கு."

நான் சிரித்தேன். பகலில் உதட்டில் குச்சியை வைத்தால் இரவில் தூக்கம் வருமா? அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு ராவுல கொறட்டை. சும்மா கொறட்டை இல்ல, நடுவுல மூச்சு நின்னு நின்னு வரும். வூட்டுக்காரி தட்டி எழுப்பும். ஆஸ்பத்திரிக்குப் போயி, டாக்டரம்மா முன்னாடி குந்திகினு கதை சொல்லிகினு கீறேன், அது எம் மூஞ்சயே பாத்துகினு கீது. 'உங்க கஷ்டம் ராத்திரில மட்டும் இல்ல. இப்பவே நீங்க வாயாலதான் மூச்சு வுடறீங்க'ன்னுச்சு. பதினெட்டு வருசம் கூவிக் கூவி, வாய மூடறதே மறந்துபூட்ச்சு எனக்கு. பகலெல்லாம் தொறந்துகினு கீற வாயி, படுத்தா மட்டும் எப்டிம்மா மூடிக்கும்?"

குடியை விடச் சொன்னார்களாம், விட்டார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்களாம், முதுகில் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தார். மூன்றாவதாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்ததாம். பகல் முழுக்க வாயை மூடி, மூக்கால், சின்னதாக, சத்தம் வராமல் மூச்சு விடப் பழக வேண்டும். குச்சி மட்டும் அவருடைய சொந்த யோசனை. மகள் பள்ளிக்கூடத்துக்காக மாதிரி வீடு செய்ய வாங்கிய குச்சிக் கட்டிலிருந்து தினம் ஒன்று எடுத்துக்கொண்டு வருவார். முதல் நாள் குச்சியில் கோடு போட இடம் போதாமல் பின்பக்கமும் போட்டாராம்.

ஸ்டியரிங்குக்கு மேலே சின்ன சாமி படமும் அதன் முன்னால் ஓர் ஊதுபத்தியும் இருக்கும். எல்லா வண்டியிலும் உள்ளதுதான். இவர் அதையும் விட்டுவைக்கவில்லை. வண்டி நிற்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மூச்சு விடுவார். புகை அசையக் கூடாது. அசைந்தால் மூச்சு பெரிதாக வருகிறது என்று அர்த்தமாம். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து, பின்னாலிருந்த ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குச்சியால் ஒரு முறை போலீஸிலும் மாட்டினார். பருத்திப்பட்டு தாண்டியதும் ஒரு காவலர் கை காட்டி நிறுத்தினார்.

"பீடி புடிச்சுகினு வண்டி ஓட்றியா?"

இவர் குச்சியை எடுத்து நீட்டினார். காவலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐஸ் எங்கய்யா?"

வண்டியே சிரித்தது. இவர் பொறுமையாகக் கதையைச் சொன்னார். காவலர் சிரிக்காமல் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "என் வூட்லயும் இதே கம்ப்ளைண்ட்தான்பா" என்றார். இவர் பையிலிருந்து புதுக் குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அப்புறம் சில வாரங்கள் அந்த முனையில் ஐஸ் குச்சியோடு ஒரு காவலர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போனோம். விசில் ஊத வேண்டிய வேலையில் அது எத்தனை நாள் நிலைத்ததோ தெரியாது.

இவ்வளவு சொல்லிவிட்டேன், ஒன்றை மறைத்துக்கொண்டு வருகிறேன். நடுவில் சில நாள் எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்காமல் போயிருந்தது.

பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. அங்கே தினமும் ஏழே முக்காலுக்கு ஒரு பெண் நின்றிருப்பார். நாற்பது வயது இருக்கும். தோளில் சாப்பாட்டுப் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். இவர் வண்டியைச் சரியாக அந்தப் பெண் முன்னால் நிறுத்துவார். ஹாரன் அடிக்கமாட்டார். திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு பஸ் வரும் பக்கம் பார்ப்பார். இவர் வண்டியை எடுப்பார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, தினமும். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அந்தம்மாதான் தினமும் வேணாங்கிறாங்கல்ல. அப்புறமும் எதுக்குண்ணே கொண்டுபோய் முன்னாடி நிறுத்துறீங்க? அசிங்கமா இல்ல?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். குச்சி அசையவில்லை. பூக்கார அக்காதான் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"கம்முனு இரு கண்ணு. அது அவரு பொஞ்சாதி."

மிச்சத்தை அக்கா இறங்கிய பிறகு தெருவோரத்தில் நின்று சொன்னார். இவர் கொஞ்ச காலம் முன்பு வரைக்கும் ராத்திரி முழுக்க மூச்சுத் திணறி, பகல் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவர். ஒரு நாள் மதியம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது காடுவெட்டி வளைவில் கண் செருகிவிட்டது. சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டி ஏறி நின்றது. மணல் இருந்ததால் உயிர் தப்பியது. பிள்ளைக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. "நானும் ஏற மாட்டேன், எம் பொண்ணும் ஏறாது" என்று மட்டும் சொன்னாராம். இவர் வண்டியை மூலையில் நிறுத்திவிட்டு மூட்டை தூக்கப் போனார். ஆஸ்பத்திரிக்கு நடந்தார். இனிமேல் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் திரும்பவும் சாவியைத் தொட்டார். டாக்டர் சொல்லிவிட்டார், மனைவி இன்னும் சொல்லவில்லை.

"அவரு பொஞ்சாதிக்கும் தூக்கம் போச்சு கண்ணு. இவரு மூச்சு நின்னுடுமோன்னு ராவெல்லாம் முழிச்சுகினு கீது. அது ஒரு நாளு வண்டில ஏறினாத்தான் அண்ணாத்தேக்கு உசுரு."

எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம், பொய் சொல்லக் கூடாது. தூங்கி வழிந்து வண்டியை மணலில் ஏற்றியவருக்குப் பின்னாலா நான் தினமும் உட்கார்ந்து போகிறேன்? அடுத்த வாரம் முழுக்க வேறு வண்டியில் போனேன். அந்த ஓட்டுநர் பாட்டும் கூவலுமாக, ஒரு கையில் போனோடு ஓட்டினார். இறங்கும்போது காது அடைத்திருந்தது. இவர் என்னைப் பார்த்தபோதெல்லாம் வழக்கம்போல் தலையாட்டினார். எட்டாம் நாள் நானாகவே போய் ஏறினேன். என் இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உண்மையில் என்னைத் திரும்ப இழுத்தது கரையான்சாவடி சிக்னல். அங்கே சிவப்பு விளக்கு தொண்ணூறிலிருந்து இறங்கும். மற்றவர்களுக்கு அது எரிச்சல், இவருக்கு அது பள்ளிக்கூடம். எஞ்சினை அணைப்பார். மூன்று எண்ணுக்கு மூச்சு உள்ளே போகும், ஐந்து எண்ணுக்கு வெளியே வரும். அவசரமே இருக்காது. தோள் ஏறாது, சட்டை பட்டனுக்குக் கீழே வயிறு மட்டும் லேசாக அசையும். பின்னால் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு வேறு பார்க்க என்ன இருக்கிறது? அந்தச் சட்டையையும் அந்தச் சிவப்பு எண்களையும் பார்த்துக்கொண்டே இருப்போம். அறுபதுக்கு வரும்போது யாரோ ஒருவர் போனை மடியில் வைப்பார். நாற்பதுக்கு அக்காவின் கூடையிலிருந்து மல்லிகை வாசம் வரும். அது அதுவரைக்கும் அங்கேதான் இருந்திருக்கும், நாங்கள் மூச்சை மேலே மேலே விட்டுக்கொண்டிருந்ததில் தெரிந்திருக்காது. இருபதுக்கு வெளியே லாரியும் பஸ்ஸும் எங்கோ தூரத்தில் உறுமுவதுபோல் இருக்கும். வண்டியில் எட்டுப் பேரும் ஒரே மூச்சாக விட்டுக்கொண்டிருப்போம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை நிமிடத்தில் நான் குற்றம் கண்டுபிடிக்க எதுவும் இல்லை.

கொஞ்ச நாளில் ஆபீஸிலும் அது தொற்றிக்கொண்டது. திரையைப் பார்க்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே முதல்முறையாகத் தெரிந்தது. பிடித்து வைத்துவிட்டு, பிறகு பெரிதாக ஒரு பெருமூச்சு, திரும்பவும் பிடிப்பு. வாயை மூடி, மெல்ல விட்டுப் பார்த்தேன். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். அவரிடம் சொன்னபோது குச்சியை எடுக்காமலே கண்ணால் சிரித்தார். இப்போது வேறு வேலை, வேறு ஊர். எங்கே சிவப்பு விளக்கில் நின்றாலும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

கடைசியாக அந்த ஒரு காலையைச் சொல்ல வேண்டும். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. ஏரி நிரம்பி, ரோட்டோரம் வரைக்கும் வெளிச்சமாகத் தெரிந்தது. வழக்கம்போல் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினார், திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தலையை அசைக்கவில்லை. பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி, எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தார். வண்டியில் யாரும் மூச்சு விடவில்லை, முன்னால் இருந்தவரைத் தவிர.

வண்டி கிளம்பிய பிறகு அந்த அம்மாள் அக்காவின் காதருகே சொன்னார், ஆனால் எனக்கும் கேட்டது.

"நேத்து ராவுல சத்தமே இல்லக்கா. செத்துட்டாரோன்னு பயந்துகினு மூக்காண்ட கைய வச்சுப் பாத்தேன். மூச்சு வந்துகினு கீது. வாய் மூடிகினு கீது. எழுந்து எம் பொண்ணு டப்பாவ தொறந்து குச்சிய எடுத்துப் பாத்தா, ஒம்போது நாளா ஒரு கோடு கூட இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல இந்த ஆளு."

"அப்பால நல்லா தூங்கினியா?"

"எங்கக்கா? அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வரல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கம்பியில் தலையைச் சாய்த்தார். காடுவெட்டி வளைவு வரும்போது அவர் தலை மெல்ல நழுவி என் தோளில் வந்து நின்றது. கணவரால் மகளின் பல் உடைந்த அதே வளைவில், அவர் பின்னால் உட்கார்ந்து, அந்த அம்மாள் தூங்கிவிட்டார்.

இவர் கண்ணாடியில் பார்த்தார். வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு ஹாரன் அடிக்கவே இல்லை. வழியில் கை காட்டியவர்களை அக்கா கூவிக் கூப்பிடவில்லை, விரலால் மட்டும் சைகை செய்தார். ஏறியவர்களும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவு வீட்டுக்கு வந்ததுபோல் ஓசைப்படாமல் உட்கார்ந்தார்கள். சிக்னலில் தொண்ணூறு. ஊதுபத்திப் புகை நூல் பிடித்தாற்போல் மேலே போனது. என் தோளில் அந்த அம்மாளின் மூச்சு சின்னதாக வந்து வந்து போனது. விளக்கு பச்சையான பிறகும் ஒரு நொடி எங்கள் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

குமணன்சாவடியில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் பூனைபோல் இறங்கினார்கள். என் தோளுக்குப் பதில் அக்கா பூக்கூடைத் துணியை மடித்துக் கம்பியில் வைத்தார், நான் நழுவி இறங்கினேன். திரும்பும் வண்டிகள் பக்கத்திலேயே "ஆவடி ஆவடி ஆவடி" என்று கூவிக்கொண்டிருந்தன. நான், தயவுசெய்து வாங்க என்று கூவிய அதே நான், நடுத்தெருவில் நின்று உதட்டில் விரலை வைத்து அத்தனை பேரையும் அடக்கினேன். எங்கள் கம்பெனி பஸ் வந்தது, நின்றது, என் கண் முன்னாலேயே போனது.

கால் மணி நேரம் இருக்கும். அந்த அம்மாள் கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று சுற்றிலும் பார்த்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பதறுவார் என எதிர்பார்த்தேன். முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த முதுகைத்தான் பார்த்தார்.

"குச்சி வுழுந்துச்சா?"

அவர் திரும்பினார். கண் இரண்டும் நிரம்பியிருந்தன, உதடு நடுங்கியது, குச்சி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. இல்லை என்று தலையை அசைத்தார்.

"அப்போ இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.